பள்ளிக்கூடத்தின் பெருமை எது?

மாசி, பங்குனி வந்துவிட்டால் கோயமுத்தூர்ப் பிரதேசத்துத் தனியார் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாக்களுக்குக் குறைவில்லை. ஓட்டத்தில் முந்திய சிறுவனும் நாடகத்தில் நடித்த சிறுமியும் பரிசு பெறுவது கண்டு நாமும் மகிழ்கிறோம். ஆயினும், மேடையேறியவர்களை மட்டும் எண்ணிப் பள்ளிக்கூடத்தின் பெருமையை அளந்துவிடலாகுமா?

வாசல் யாருக்குத் திறந்தது என்பதே முதற் கேள்வி. 1924-ல் பீளமேட்டில் பூ. சா. கோ. குடும்பத்தார் நிறுவிய பள்ளிக்குச் 'சர்வஜன' என்றே பெயரிட்டனர். எல்லா ஜனங்களுக்கும் உரியது என்பது பொருள். 1930-ல் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவன் ஒருவனைக் கொண்டு தொடங்கினார். கோயில் வாசலே அவனுக்கு அடைபட்டிருந்த காலம் அது. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்கு 1934-ல் மகாத்மா காந்தி அஸ்திவாரக்கல் நாட்டினார்.

இன்றோ சட்டமே துணை நிற்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில், நூற்றுக்கு 25 இடங்களை எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. இடம் கொடுத்தால் மட்டும் போதாது. நாடக உடைக்குப் பணமின்றி மில் தொழிலாளியின் மகள் கீழே உட்கார்ந்து கைதட்டுவாளானால், அது பாதி விழாவே. நிர்வாகிகள் அடுத்த விழாவிலேனும் அவளை மேடையேற்றட்டும். அன்று முதலில் கைதட்டுபவர்கள் நாமாக இருப்போம்.