பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்

“பிள்ளைக்கு வயித்தால போகுதா? பல்லு மொளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லும் பாட்டிகள் நாஞ்சில் நாட்டில் இன்றும் உண்டு. அவர்கள் கண்டதில் பிழையில்லை; பல் முளைக்கும் பருவத்தில்தான் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸும் பிள்ளைகளை அதிகம் தாக்குகிறது. ஆனால், ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட முடியாது; தடுப்பு மருந்து வருமுன் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இந்த வைரஸுக்குப் பலியானதாக மதிப்பிடப்பட்டது.

தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14-ஆம் வாரங்களில் இந்தச் சொட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வேலூர் சிஎம்சியும் பங்கேற்ற பரிசோதனையில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ரோட்டாவேக் என்னும் தடுப்பு மருந்து முதல் ஆண்டில் தடுத்தது ஏறத்தாழ 56 சதவீதம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. “பாதிதானே, எதுக்குக் கொடுக்கணும்?” என்று கேட்டால், பாதி என்பதால்தான் ஒரு பிள்ளை விடாமல் கொடுக்க வேண்டும் என்பேன்.

இந்த வைரஸ் மலத்தில் வெளியேறி, துணி மாற்றும் கையிலும் பொம்மையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வாய்க்குப் போகிறது. மிகச் சில கிருமிகளே போதும். சோப்பும் சுத்தமான தண்ணீரும் உள்ள பணக்கார நாடுகளிலேயே தடுப்பு மருந்துக்கு முன் இதற்குத் தப்பிய பிள்ளை அரிது. வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் நம் கடற்கரைத் தெருக்களைச் சொல்லவே வேண்டாம். நோய் வராத பிள்ளை, அதைப் பரப்புவதும் குறைவு. அமெரிக்காவில் 2006-இல் மருந்து வந்தபின், அதைப் பெறாத பெரிய பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும்கூட நோய் குறைந்தது. இந்தியாவிலும் மருந்து வந்தபின், கண்காணிக்கப்பட்ட மருத்துவமனைகளில், வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு சுமார் 40 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் ஒரு பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஏறும் நாட்களில் அம்மா கட்டிலோரம் கிடப்பதையும், அப்பாவுக்குக் கூலி போவதையும், வீட்டில் மூத்த பிள்ளை தனியே நிற்பதையும் கண்டவர்களுக்கு இந்த இறக்கத்தின் மதிப்பு தெரியும்.

நோய் மிகுதியாகப் பரவும் நம் ஊர்களில் அமெரிக்க அளவுக்கு மறைமுகப் பயன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆகவே விடுபடும் பிள்ளைகள்தான் என் கவலை. தாய்வீட்டில் முதல் தவணை வாங்கிய குழந்தை, மூன்றாவதற்குள் அப்பா ஊருக்குப் போய்விடுகிறது. மீன்பிடிக் குடும்பங்கள் கேரளக் கரைக்கு நகர்கின்றன. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் கொட்டகைகளிலும் கைக்குழந்தைகள் உண்டு. ஒரு வயது தாண்டினால் முதல் தவணையே கிடையாது. பிள்ளை எந்த ஊரில் பதிவாகியிருந்தாலும், தடுப்பூசி அட்டை இல்லாவிட்டாலும், புதன்கிழமை தடுப்பூசி முகாமுக்கு வந்தால் மருந்து கொடுத்தே அனுப்ப வேண்டும். கொட்டகைகளுக்கோ, நாமே தேடிப் போக வேண்டும்.