சார், பாத்ரூம் போகணும்

இது கொஞ்சம் நாத்தமடிக்கிற பதிவு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் உள்ளவங்க, தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க. காத்திருக்கேன் :-)

வந்தாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு வருஷமும் கவுன்சிலிங் முடிஞ்சு பசங்க பெட்டி, வாளி, பாய் சகிதமா ஹாஸ்டலுக்குக் கிளம்புற சமயத்துல நம்ம ஆளுங்க வரிசையா அறிவுரைப் பதிவு போடுவாங்க. அரியர் வெக்காதே, காதல்ல விழாதே, அம்மாவுக்கு தினமும் போன் பண்ணு... எல்லாம் சரிதான். ஆனா குடலைப் பத்தி ஒருத்தரும் எழுதறதில்லை. அதனால நானே எழுதிடறேன். எனக்கு அதுக்கான தகுதி உண்டு. பதினாறு வயசுலேர்ந்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸோட குடித்தனம் நடத்திக்கிட்டிருக்கேன். 2004ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில சேர்ந்தப்ப அதுவும் கூடவே அட்மிஷன் வாங்கிடுச்சு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பாடம். பெருங்குடலோட உள்சுவர் புண்ணாகி வீங்கிக்கிறதுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இதோட பங்காளி கிரோன் நோய். அது வாயிலேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்கே வேணும்னாலும் வரலாம். நம்ம ஊர்ல குடல் காசநோயும் கிரோனும் பார்க்கிறதுக்கு ஒரே மாதிரி இருக்கிறதால, எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல டாக்டர்களே திணறுவாங்க. ரெண்டுமே தொத்தாது. மூலம் கிடையாது. 'உடம்பு சூடு'ம் கிடையாது. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா போயிடாது (தேய்ச்சுப் பார்த்தாச்சு, தலைமுடி நல்லா வளர்ந்துச்சு). ரெண்டும் பெரும்பாலும் ஆரம்பிக்கிறதே பதினஞ்சு வயசுக்கும் முப்பத்தஞ்சு வயசுக்கும் நடுவுலதான். அதாவது காலேஜுக்குப் போற வயசுல!

முழுசா குணமாக்குற மாத்திரை இன்னும் வரலை. ஆனா அடக்கி வெக்க மருந்து உண்டு. மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குல கூட ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கலாம். அப்புறம் ஒரு நாள் திடீர்னு கிளம்பும். கிளம்பினா ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை, சமயத்துல ரத்தத்தோட. 'கொஞ்சம் பொறு'ன்னு அதுகிட்ட சொல்ல முடியாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பொறுமைதான். நீங்க அரை மணி நேரம் அடக்கலாம். எனக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிஷம்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வியாதியை மருந்து பார்த்துக்கும். காலேஜுல ஆளைக் கவுக்கிறது வியாதி இல்லை, அதை மறைக்கிற வேலை. அந்த வேலையை முதல் வாரத்துலயே முடிச்சுக் கட்டணும். அதுவும் உடம்பு நல்லா இருக்கும்போதே.

எங்க வீட்டுல அம்மா இதுல கறார். சேர்ந்த மூணாவது நாள் துறைத்தலைவர் அறைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்லயே நெளிஞ்சேன். "இதுல என்ன கண்ணு வெக்கம்? காய்ச்சல்னா சொல்ல மாட்டியா?"ன்னு கேட்டுட்டு, டாக்டர் சீட்டையும் அரைப் பக்கக் கடுதாசியையும் மேசை மேல வெச்சாங்க. அதுல இருந்தது மூணே விஷயம்: கேட்காமலே வகுப்பை விட்டு வெளியே போக அனுமதி, கதவுப் பக்கம் இடம், பரீட்சை ஹால்ல பாத்ரூம் போய்வர அனுமதி. சார் படிச்சுட்டு, "இதெல்லாம் எழுதித் தரணுமா தம்பி, வாயால சொன்னா போதாதா"ன்னார். போதாது சார்! வாயால சொன்னா அது ஒரு சாரோட நின்னுடும். ஆறு பாடத்துக்கு ஆறு பேர். ஒவ்வொருத்தர்கிட்டயும் என் பெருங்குடலோட கதாகாலட்சேபத்தை ஆரம்பத்துலேர்ந்து நடத்த முடியுமா? எழுதி, கையெழுத்து வாங்கிட்டா அந்தத் தாளே பேசும்.

ஹாஸ்டல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஒரு மாடிக்கு நாப்பது பேர், ஆறு கக்கூஸ். அதுல ரெண்டுக்கு தாழ்ப்பாள் கிடையாது. காலையில ஏழு மணிக்கு சரியா தண்ணி நின்னுடும். நான் கேட்டு வாங்கின ரூம், கக்கூஸுக்குப் பக்கத்துல, எல்லாரும் நாத்தம்னு ஒதுக்கின ரூம். எனக்கு அது கடற்கரையைப் பார்த்த ஸ்டார் ஹோட்டல் அறை மாதிரி! எப்பவும் ஒரு வாளி தண்ணி ரொப்பி கட்டிலுக்கு அடியில. பையில ஒரு மாத்துத் துணி. கொஞ்ச நாள் ராத்திரியில எனிமா மருந்து வெச்சுக்கிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வேண்டியிருந்துச்சு. கூட மூணு பேர் இருக்கிற அறையில அதை எப்படி ஒளிச்சுச் செய்றது? ஒளிக்கலை. ஒரே ஒருத்தன்கிட்ட சொன்னேன். மத்ததை அவன் பார்த்துக்கிட்டான். ரெண்டு நாள் கிண்டல் பண்ணினாங்க, மூணாவது நாள் வேற ஒருத்தன் குறட்டைக்கு மாறிட்டாங்க. ஹாஸ்டல்ல எந்தக் கிண்டலுக்கும் ஆயுசு அவ்வளவுதான்.

இப்போ மறைச்சா என்ன ஆகும்னு சொல்றேன். எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியரா ஒரு பையன், தர்மபுரி பக்கம். அவனுக்கும் இதே வியாதி. வீட்டுல 'யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாங்க. பாவம், சொன்னபடியே செஞ்சான். காலையில சாப்பிட்டா வகுப்புல மாட்டிக்குவோம்னு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பட்டினி. மாத்திரை டப்பாவை யாராவது பார்த்துடுவாங்கன்னு மாத்திரையும் விட்டாச்சு. விட்டா சும்மா இருக்குமா? கிளம்பிடுச்சு. ஒன்பது மணி வகுப்புக்கெல்லாம் போகவே இல்லை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்கணும். மருத்துவக் காரணம் காட்டினா 65 வரைக்கும் விட்டுக்கொடுப்பாங்க. அவன் நின்னது 61ல. கையில காகிதமும் இல்லை, யாருக்கும் விஷயமும் தெரியாது. பரீட்சை எழுத விடலை. சோம்பேறின்னு பேர் வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனான். அந்தப் பேருக்கு நேர்மாறா உழைச்சவன் அவன். நாள் பூரா ஒரு ரகசியத்தைத் தூக்கிச் சுமக்கிறது சாதாரண உழைப்பா?

பெத்தவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. நாளைக்கு கல்யாணப் பேச்சுல வந்து நிக்குமேங்கிற பயம்தான். பொண்ணா இருந்தா அந்தப் பயம் ரெண்டு மடங்கு. ஆனா ஒரு கணக்கு போடுங்க. மறைச்சு மறைச்சு மருந்தை விட்டு, படுத்த படுக்கையாகி ஆஸ்பத்திரியில சேர்த்தா ஊருக்கே தெரியும். துறைத்தலைவர் ஒருத்தர்கிட்ட சொன்னா, ஒருத்தருக்குத் தெரியும். எது லாபம்?

வாத்தியார் பதிவர்கள் ஒரு கேள்வியோட வருவீங்கன்னு தெரியும். "இப்படி அனுமதி குடுத்தா நாளைக்கு எல்லாப் பயலும் லெட்டரோட வந்து நிப்பானே?" வர மாட்டான் சார். வயசுப் பசங்க நிறைஞ்ச வகுப்புல 'எனக்கு வெளிக்குப் போறதுல பிரச்சனை'ன்னு பொய் சொல்லி ஓபி அடிக்கிற பதினெட்டு வயசுப் பையனை நான் இன்னும் பார்க்கலை. அவன் பாட்டி செத்துட்டாங்கன்னுதான் சொல்லுவான், அதுவும் மூணாவது தடவையா. போதாததுக்கு டாக்டர் சீட்டு வேற இருக்கு.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமேன்னா, அங்கேயும் ஓட்டை. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியல் போட்டுச்சு. குடல் அழற்சி அந்தப் பட்டியல்ல இல்லை. மத்த ஊர்ல எப்படின்னா, அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 2005ல ஒரு சட்டம் வந்துச்சு. இந்த மாதிரி வியாதி உள்ளவங்க அவசரத்துக்குக் கேட்டா, கடை ஊழியர்களோட கழிப்பறையைத் திறந்து விடணும்னு. காரணம், ஆலி பெய்ன்னு கிரோன் நோய் இருந்த ஒரு பதினாலு வயசுப் பொண்ணு. ஒரு கடையில மாட்டேன்னுட்டாங்க. அவ அழுதுட்டு சும்மா இருக்கலை, சட்டசபை வரைக்கும் போனா. அவ வாயைத் திறந்ததாலதான் அந்தச் சட்டமே. ஜப்பான் பிரதமரா இருந்த ஷின்சோ அபேவுக்கும் என் வியாதிதான், சின்ன வயசுலேர்ந்தே. 2007லயும் 2020லயும் அவர் பதவி விலகினதுல இதுக்குப் பங்கு உண்டு. ஆனா நடுவுல, 2012 கடைசியிலேர்ந்து ஏழரை வருஷத்துக்கு மேல அதே குடலை வெச்சுக்கிட்டுத்தான் நாட்டை ஆண்டார். நாம நாலு வருஷம் படிக்க முடியாதா?

புதுசா போற பசங்களுக்கு நாலே வரி:

1. நல்லா இருக்குன்னு மாத்திரையை நிறுத்தாதே. மாத்திரையாலதான் நல்லா இருக்கு. ஸ்டீராய்டு சாப்பிட்டா டாக்டர் சொல்லாம திடீர்னு நிறுத்தவே கூடாது.

2. தலைவலி, கால்வலின்னு மெடிக்கல்ல ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதே. அது குடலைக் கிளப்பி விடலாம். டாக்டர்கிட்ட கேளு.

3. மெஸ் சாப்பாட்டுல எது ஒத்துக்கலைன்னு நீயே குறிச்சு வை. எல்லாருக்கும் பொதுவான பத்தியம் கிடையாது. எனக்கு ஆகாத கொண்டைக்கடலை உனக்கு ஆகலாம். பட்டினி மட்டும் மருந்து இல்லை.

4. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ரத்தத்தோட போய், கூட காய்ச்சலோ படபடப்போ இருந்தா வார்டனை எழுப்பு. மணி பார்க்காதே. அது ஆஸ்பத்திரிக்குப் போற நேரம்.

வாத்தியார்களுக்கு ஒரே வரி. ஒருத்தன் எழுந்து "சார், பாத்ரூம் போகணும்"னா, "இடைவேளையில என்ன பண்ணினே?"ன்னு கேட்காதீங்க. வகுப்பு சிரிக்கும், நீங்களும் பாடத்தைத் தொடருவீங்க. அவன் மட்டும் அடுத்த தடவை கேட்க மாட்டான். வகுப்புக்கே வராம இருந்துடுவான். கதவைக் காட்டி ஒரு தலையாட்டல் போதும். காலேஜுக்குப் பைசா செலவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, நீண்ட நாள் நோயாளி. மருந்து விஷயத்தை உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. கடுதாசியில என்ன எழுதறதுன்னு மட்டும் என்னைக் கேளுங்க. அரைப் பக்கம்தான், எனக்கு மனப்பாடம் :-)