பூனைக்குப் புத்தியில்லையாம்!

"சொன்னால் விளங்காது, பழக்கவும் முடியாது" என்று கூறி, வளர்த்த பூனையைக் கோணியில் கட்டிக் கல்வராயன் மலையடிவாரத்தில் விட்டுவரத் துணிவோரிடம் நாம் கேட்கிறோம்: பழக்கிப் பார்த்தீர்களா?

1898இல் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளவியலாளர் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும், வெளியே உணவு. தற்செயலாகத் திறந்த பூனை, அடுத்தடுத்த முறைகளில் விரைந்து வெளியேறியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019இல், வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அழைத்தும் வராததால் விளங்கவில்லை என்றாகாது. (நம் பிள்ளைகளும் அப்படித்தானே!)

அடித்தால் அடித்தவரை அஞ்சவே அது கற்கும். சொன்னதைச் செய்த நொடியிலேயே சிறு மீன்துண்டு கொடுத்துப் பாருங்கள். கழிவை மண்ணால் மூடுவது அதன் இயல்பு. மணல்தட்டு வைக்காதவர், பாயை நனைத்ததற்குத் துடைப்பத்தை ஓங்குவது என்ன நீதி?

உளூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்தவர் அபூகதாதா (ரலி). பூனையைப் பட்டினியில் அடைத்துச் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வாசிக்கிறோம். அப்பூனை சொற்படி நடந்ததா என்ற விசாரணையே அங்கில்லை. கோணியைத் தேடுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?