ஐந்து லட்சமும் மாத்திரைச் சீட்டும்

பெரியவர்களே! 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு முழங்கியது. அது ஏழைகளுக்குத்தானே என்று ஒதுங்குகிறீர்களா? தவறு! வருமான வரம்பே கிடையாது. ஆதாரில் வயது இருந்தால் போதும். பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.

ஆனால் ஆளுக்கு 5 லட்சம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கணவன், மனைவி இருவரும் 70 கடந்திருந்தாலும் ஆண்டுக்கு அதே 5 லட்சத்தைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான்! வீடு திரும்பியபின் 15 நாள் மருந்தோடு சரி. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு ஒரு பைசா கிடையாது. முதுமையில் பணத்தைத் தின்பது எது? மருந்துக்கடைதானே! அதை விட்டுவிட்டு என்ன இலவச சிகிச்சை? இந்த உண்மையையும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன?