கட்டடக்கலை வல்ல மினெட் அம்மையார்

சாத்தூர்ப் பகுதியில் ஒரு வீடு எழும்பும் இடத்தைச் சென்று பார்ப்போர் ஒன்றைக் காணாதிருக்க இயலாது. தலையிற் சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி சுமந்து சாரத்தின் அருகே நடப்பவர் பெண்டிர். செங்கல் எடுத்துக் கொடுப்பவரும், கட்டிய சுவருக்கு நீர் விடுபவரும் அவர்களே. கரணையும் தூக்குக்குண்டும் கொத்தனார் கையில் இருக்கும். வீடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்று காட்டும் வரைபடத்தை வகுத்தவரோ பெரும்பாலும் அவ்விடத்திற்கு வாராத ஓர் ஆடவராகவே இருந்து வந்தார். கோடை வெயிலில் அவ்வீட்டு அடுப்படியில் நிற்கப்போகிறவள் பெண். கரிசல் மண் வெடித்துச் சுவர் கீறினால் முதலிற் காண்பவளும் அவளே. ஆயினும், படம் வரையும்பொழுது அவளை ஒரு சொல் கேட்டவர் அரியர். சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்பெற்ற ஊர். ஆனால் மனை வரையும் பேனா பெண்ணின் கையிற் சேர நெடுங்காலம் ஆயிற்று. இஃது அவ்வூருக்கு மட்டும் உரிய குறை அன்று. உலகெங்கும் இருந்த குறையே.

அக்குறையைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்றவருள் ஒருவர் மினெட் டி சில்வா அம்மையார். பழைய இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்றோர் 'கண்டிச்சீமை' என்று சொல்லி வந்த மலைநாட்டிலே, கண்டி நகரில், 1918-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் டி சில்வா இலங்கை அரசியலிற் புகழ் பெற்றவர். தாயார் ஆக்னஸ் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் அத்தாயார் சான்று கூறியபோது, தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அவ்வுரிமை வேண்டுமோ என்று குழுவினர் வினவினர். அவர்களும் பெண்களே, ஆதலின் அவர்களுக்கும் வேண்டும் என்று அவர் தயங்காது விடையிறுத்தார். 1931-இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை எய்தினர். எல்லாரையும் எண்ணிப் பார்க்கும் இவ்வியல்பு மகளிடத்தும் வந்து சேர்ந்தது என்பதற்கு அவர் கட்டிய வீடுகளே சான்று.

கட்டடக்கலை பயில அந்நாளில் இலங்கையில் வாய்ப்பு இல்லை. ஆகவே மினெட் பம்பாய்க்குச் சென்றார். அங்கு மிஸ்திரி, பெத்வார் என்பாரது நிறுவனத்திற் பயிற்சி பெற்றபோது, 1936-இல் கட்டடக்கலைப் பட்டயம் பெற்ற பெரின் மிஸ்திரி அம்மையாரின் நட்புக் கிடைத்தது. இந்தியாவில் அத்தகுதியை முதன்முதலாக எய்திய பெண் என அறியப்படுபவர் பெரின். பின்னர் மினெட் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் சேர்ந்தார். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டது. காந்தியடிகளை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் மினெட்டும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தாற் பயிலலாம் என்றனர், அவர் எழுதித் தர மறுத்தார், பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். பிறகு பெங்களூரில் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞரிடம் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் இலண்டன் சென்று கல்வியை நிறைவு செய்தார். 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் அரசகழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆசியப் பெண்களுள் அச்சிறப்பை முதலிற் பெற்றவர் அவரே.

'முதற் பெண்' என்னும் பட்டத்தோடு அவர் வரலாற்றை முடித்துவிடுவோர் பலர். அவர் அணிந்த பட்டுச் சேலையையும், கூந்தலிற் சூடிய மலரையும், லெ கொர்பூசியே முதலிய பெரியோரோடு கொண்ட நட்பையும் விரித்துரைப்பார்கள். அவர் எழுப்பிய சுவர்களைப் பற்றி ஓரிரு வரியோடு நிற்பார்கள். ஓர் ஆடவர் கட்டிய மாளிகையைப் பேசுங்கால் அவர் உடுத்திருந்த வேட்டியைப் பற்றி யார் எழுதுகின்றனர்? அம்மையாரை அளக்க வேண்டியது அவர் கட்டியவற்றைக் கொண்டே.

முதலில் எழுந்தது கண்டியில் கருணாரத்ன குடும்பத்தாரின் வீடு. 1949-இல் தொடங்கி 1951-இல் முடிந்தது. செங்குத்தான மலைச்சரிவு அது. சரிவை வெட்டிச் சமனாக்காமல், நிலம் இறங்குகிற வழியே வீட்டின் தளங்களும் படிப்படியாக இறங்குமாறு அமைத்தார். சிமெண்டும் கண்ணாடியும் ஆகிய புதுப்பொருள்களோடு, தும்பறைப் பாய் நெய்வோரின் கைவேலையும், சுட்ட மண் ஓட்டில் வார்த்த நடன உருவங்களும் அவ்வீட்டில் இடம்பெற்றன. இவை வீடு முடிந்தபின் அழகுக்காகத் தொங்கவிடப்பட்டவை அல்ல. பாய் கதவிலே பொருந்தியது, ஓடு சுவரிலே பொருந்தியது. கொழும்பில் 1950-களிற் கட்டிய பீரிஸ் இல்லத்தைத் தூண்களின்மேல் உயர்த்தினார். கீழே காற்று தடையின்றி உலவியது. நடுவே திறந்த முற்றம். சாத்தூரின் பழைய வீடுகளில் முற்றமும் திண்ணையும் செய்யும் வேலை யாது என்று அறிந்தோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறிச் செல்ல, நிழற்பக்கத்துக் காற்று உள்ளே நுழைகின்றது. இந்நுட்பத்தைப் பழமை என்று ஒதுக்கிவிட்டு நாற்புறமும் அடைத்த சிமெண்டுப் பெட்டிக்குள் விசிறி சுழற்றுவதை நாகரிகம் என்பது அறிவுடைமை ஆகாது. வட்டார மரபோடு இயைந்த புதுமை என்னும் கொள்கையை அம்மையார் 1950-களின் தொடக்கத்திலேயே எழுத்திலும் செயலிலும் காட்டினார். மேல்நாட்டு அறிஞர் அதனை ஒத்த கொள்கைக்குப் பெயர் சூட்டி விரிவாக ஆராய்ந்தது 1980-களிலேதான்.

எனினும், அவருடைய பணிகளுள் தலையாயது மாளிகை அன்று. கண்டியை அடுத்த வட்டபுளுவையில் 1950-களின் இறுதியில் அரசு ஊழியர்க்கென 200-க்கு மேற்பட்ட வீடுகள் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்தாரும் குடியேற இருந்த இடம் அது. ஒரே அச்சில் வீடுகளை வார்த்துத் தருதல் அவருக்கு எளிது, செலவும் குறைவு. அவர் அவ்வாறு செய்தாரல்லர். குடிவர இருந்தோர்க்கு வினாத்தாள் வழங்கினார். குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு வருவாய், வாழும் முறை எத்தகையது என்று கேட்டறிந்தார். அவ்விடைகளைக் கொண்டு பலவகை மாதிரி வீடுகளை வகுத்தார். நிலத்தின் மேடுபள்ளமும் மரங்களும் கெடாதவாறு அவற்றை அமைத்தார்.

கேட்டறிதல் சிறிய செயல் போலத் தோன்றும். தமிழ்நாட்டுத் தொகுப்பு வீடுகளைப் பார்த்தோர் அதன் பெருமையை உணர்வர். சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் பெண்களும் முதியோரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டியே பிழைத்தனர். அவர்களுக்கு வீடு என்பது உறைவிடம் மட்டும் அன்று, தொழிலிடமும் ஆகும். ஒட்டிய பெட்டிகளை உலர்த்த வெயில்படும் இடம் வேண்டும். மழைவந்தால் விரைந்து எடுத்துவைக்க ஒரு மூலை வேண்டும். கேளாத ஒருவர் வரையும் படத்தில் அத்திண்ணை எவ்வாறு இடம்பெறும்? பெண்ணாய்ப் பிறந்தமையாலேயே மினெட் இதனை அறிந்தார் என்பதும் முழு உண்மை அன்று. கேட்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆடவர் கேட்பதற்கும் தடை ஒன்றும் இல்லை.

இவ்வளவு செய்தவர்க்கு நாடு செய்த கைம்மாறு மிகச் சிறிதே. ஒப்பந்தக்காரர் அவர் சொல்லை ஐயுற்றனர். பெரிய வேலைகள் பிறரிடம் சென்றன. அவருக்குப் பின் 1957-இல் தகுதி பெற்றுத் தொழிலுக்கு வந்த ஜெஃப்ரி பாவா உலகப்புகழ் எய்தினார். பாவாவின் திறமை பெரிது; அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால் அவர் நடந்த பாதையில் முன்னரே ஒருவர் கல் பெயர்த்து வழி செய்திருந்தார் என்பதைப் பலர் சொல்ல மறந்தனர். பெண் என்பதால் தம் வேலையை எவரும் பொருட்படுத்தவில்லை என்று அம்மையாரே முதுமையில் வருந்தியதுண்டு. 1970-களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலையைக் கற்பித்தார். கண்டிக்கு மீண்டு கலைமன்றம் ஒன்றைக் கட்டினார். இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தபோது ஆண்டு 1996. அவருக்கு வயது 78. இரண்டே ஆண்டில், 1998 நவம்பரில், கண்டியில் அவர் காலமானார். பதக்கம் முப்பது ஆண்டு முன்னர் வந்திருப்பின், அதனோடு வேலைகளும் வந்திருக்கும். காலம் கடந்து தரும் சிறப்பினால் ஒரு சுவரும் எழும்புவதில்லை.

அவர் கட்டிய வீடுகளுட் பல இடிக்கப்பட்டன, சில உருமாறின. வட்டபுளுவையில், வினாத்தாளுக்கு விடை எழுதியவர்களுக்காக எழுந்த அக்குடியிருப்பில், இன்றும் மக்கள் வாழ்ந்து வருகின்றனர்.