பிரபஞ்சத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்

1951 நவம்பர் 22 அன்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியல் கழகத்தின் முன் ஓர் உரை நிகழ்த்தினார். விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. பின்னோக்கிக் கணக்கிட்டால் பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இருந்தாக வேண்டும். ஆகவே படைப்பு நடந்தது, படைத்தவரும் இருக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆதியாகமம் சொல்லும் ஒளியின் முதற்கணத்துக்கு அறிவியலே சாட்சியாகிவிட்டது என்கிற அளவுக்கு அந்த உரை போனது.

இதைக் கேட்டு மற்ற எவரையும்விட மகிழ்ந்திருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர் கத்தோலிக்கக் குரு. 1936 முதல் அதே கழகத்தின் உறுப்பினர். பிரபஞ்சத் தொடக்கம் என்பதை ஓர் இயற்பியல் கருதுகோளாக முன்வைத்தவரே அவர்தான்: பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். அவர் மகிழவில்லை, கலங்கிப்போனார். அந்தக் கலக்கத்தின் காரணத்தை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அறிவியலா மதமா என்று நம்மிடையே நடக்கும் சண்டையில் இரு தரப்பாரும் தவறவிடுவது அதைத்தான்.

லெமைத்ர் முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1923இல் குருப்பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று வானியலாளர் எடிங்டனிடம் பயின்றார். 1927இல் அதிகம் பேர் படிக்காத ஒரு பெல்ஜிய இதழில், பிரெஞ்சு மொழியில், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையும் விண்மீன் மண்டலங்களின் வேகங்களையும் இணைத்துப் பிரபஞ்சம் விரிகிறது என்று எழுதினார். பிரபஞ்சம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே 1917இல் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்திருந்த ஐன்ஸ்டைன், கணக்கு சரிதான், இயற்பியலை ஏற்க முடியாது என்று அவரிடம் நேரிலேயே சொன்னார். 1929இல் ஹபிளின் அளவீடுகள் வந்த பிறகு அந்தக் கட்டுரை கவனம் பெற்றது.

அடுத்த அடியை லெமைத்ர் 1931 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதமாக வைத்தார். உலகின் ஆற்றல் முழுவதும் தொடக்கத்தில் ஒரே குவாண்டமாக இருந்திருந்தால், அந்நிலையில் இடம், காலம் என்ற கருத்துகளுக்கே பொருள் இருக்காது. அந்த ஒன்று பலவாகப் பிரிந்த பிறகே காலம் என்று பேச முடியும் என்றார். ‘அதற்கு முன்’ என்ற கேள்வியையே ஆட்டம் காண வைக்கும் துணிச்சலான எண்ணம் அது. அக்கடிதத்தின் தட்டச்சுப் பிரதியில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. கடவுள் தம்மை மறைத்துக்கொண்டிருப்பவர் என்றும், இன்றைய இயற்பியல் படைப்பின் மீது ஒரு திரையைப் போர்த்துவதில் நம்பிக்கையாளர் மகிழலாம் என்றும் பேசிய பத்தி. அச்சுக்குப் போகுமுன் லெமைத்ர் அதை அடித்துவிட்டார். அந்தப் பத்தியிலுங்கூடக் கடவுளுக்கு நிரூபணம் தேடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய கடவுள் தொலைநோக்கியில் அகப்படுகிறவர் அல்லர்.

போப்பின் உரை அவரை ஏன் கலக்கியது என்பதற்கு எண்களிலும் ஒரு விடை உண்டு. ஹபிளின் அளவீட்டின்படி பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுகளைத் தொடவில்லை. கதிரியக்கக் கணக்கோ பூமிக்கே 300 கோடிக்கு மேல் வயது சொன்னது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூடுதல்! இந்த முரணையும் சுட்டிக்காட்டித்தான் 1948இல் பிரெட் ஹாய்லும் போண்டியும் கோல்டும், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது விரிய விரியப் புதுப் பொருள் தோன்றிக்கொண்டே இருக்கிறது என்ற நிலைமாறாப் பிரபஞ்சக் கொள்கையை வைத்தார்கள். வழக்கு முடியாத நிலையில் திருச்சபை தீர்ப்பெழுதினால், நாளைக்குக் கணக்கு மாறும்போது நம்பிக்கையும் சேர்ந்தல்லவா சரியும்?

லெமைத்ர் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓகானலிடம் பேசினார். 1952 செப்டம்பரில் உலக வானியலாளர் மாநாடு ரோமில் கூடியபோது போப் மீண்டும் உரையாற்றினார். நிரூபணப் பேச்சு இம்முறை இல்லை. அதே மாநாட்டில்தான் வால்டர் பாடே, விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் அதுவரை பாதியாகவே கணக்கிடப்பட்டு வந்தன என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயது ஒரே மூச்சில் இரு மடங்கானது.

உண்மையில் கத்தோலிக்க மரபுக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது, நம்பிக்கையால் மட்டுமே ஏற்க முடியும் என்று எழுதிவிட்டார். ஓர் உலகம் என்றென்றும் இருந்து வந்திருந்தாலும் அது கடவுளைச் சார்ந்தே இருக்க முடியும் என்பது அவர் வாதம். படைக்கப்பட்டிருப்பது ஒன்று, முதல் நாள் என்று ஒன்று இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

நம் மரபுகளின் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி, தொடக்கமற்றவை. சமணத்துக்கு உலகைப் படைத்தவனும் இல்லை, படைத்த நாளும் இல்லை. ஆக, தொடக்கம் நிரூபணமாகிவிட்டது என்று ஒரு சமயம் கொண்டாடினால் அடுத்த சமயத்துக்கு அது இடி. இந்த வேறுபாடுகளை நம் முன்னோர் மூடி மறைக்கவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரையும் அவரவர் கொள்கையை வரிசையாகச் சொல்ல வைக்கிறது.

இன்றோ பரிபாடலின் இரண்டாம் பாடலும் திருவாசகத்தின் திருவண்டப் பகுதியும் பெருவெடிப்பை முன்கூட்டியே சொன்னவையாக மேடைதோறும் முழங்கப்படுகின்றன. இதை நாம் வருத்தத்தோடு மறுக்கிறோம். பரிபாடலின் அந்தப் பாடலில் கீரந்தையார் வானிலிருந்து காற்றும் தீயும் நீரும் நிலமும் ஊழி ஊழியாகத் தோன்றுவதைப் பாடும் விரிவு மலைக்க வைப்பது. அதை ஓர் இயற்பியல் கொள்கைக்கு முன்னறிவிப்பாக்கும்போது கவிதை போய்விடுகிறது, அறிவியலும் வருவதில்லை. அந்தக் கொள்கை நாளை திருத்தப்பட்டால் கீரந்தையாரையும் திருத்துவோமா?

மறுதரப்பும் இதே பிழையைச் செய்கிறது. தொடக்கம் என்ற எண்ணத்தில் மதவாடை வீசுவதாகக் கருதிய ஹாய்ல் அதை வெளிப்படையாகவே வெறுத்தார். ஆனால் அவர் கொள்கை, தவறென்று காட்டப்படக்கூடிய நேர்மையான கொள்கை. 1964இல் பென்சியாசும் வில்சனும் கண்ட, எல்லாத் திசையிலிருந்தும் வரும், வெப்பமான தொடக்கத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சுக்குப் பிறகு பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள். ஹாய்லின் மாணவரான நம் ஜயந்த் நார்லிக்கர் கடைசிவரை மாற்றுக் கொள்கைக்காக வாதாடினார். ஆனால் அளவீடுகளோடு வாதாடினார். அந்தப் பிடிவாதம் மரியாதைக்குரியது. சூனியத்திலிருந்து குவாண்டம் அதிர்வால் பிரபஞ்சம் வந்தது, ஆகவே கடவுள் இல்லை என்று எழுதிவிடும் நண்பர்களிடம் அந்த உழைப்பைக் காண முடிவதில்லை. அவர்கள் சொல்லும் சூனியத்தில் குவாண்டம் விதிகள் முன்னரே குடியிருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அறிவியல் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் காணும் பிரபஞ்சம் மிக வெப்பமாக, மிக அடர்த்தியாக இருந்தது. அதன் முதல் சில நிமிடங்களில் ஹீலியம் உருவான விதம்வரை நம்பகமான கணக்கு இருக்கிறது. இன்னும் பின்னே சென்றால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் முறிகின்றன. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் தந்த சமன்பாட்டின் வழியில் பென்ரோஸும் ஹாக்கிங்கும் நிறுவிய தேற்றங்கள் காட்டுவது அந்த முறிவையே. முறியும் இடத்தைப் படைப்பின் கணம் என்று சொல்ல அத்தேற்றங்கள் இடம் தரவில்லை. 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் விளிம்பற்ற தொடக்கம் ஒன்றைக் கணித்தார்கள். சுருங்கிய ஒரு பிரபஞ்சம் மீண்டு விரிந்தது என்கின்றன அபய் அஷ்டேகர் வழிவந்த ஆய்வுகள். பென்ரோஸ் சுழன்றுவரும் ஊழிகளைப் பேசுகிறார். இவற்றுள் எதுவும் தீர்ப்பாகவில்லை.

லெமைத்ர் 1960இல் வத்திக்கான் அறிவியல் கழகத்தின் தலைவரானார். நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி, 1966 ஜூன் 20 அன்று அவர் காலமாவதற்குச் சற்று முன்பு அவரை எட்டியது. அதை அவர் தம் இயற்பியலுக்குக் கிடைத்த சான்றாகவே ஏற்றார்.

நம் இதழுக்கு எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேதத்திலோ விவிலியத்திலோ குர்ஆனிலோ பரிபாடலிலோ பெருவெடிப்பைக் கண்டெடுக்கும் கட்டுரைகளை அனுப்ப வேண்டாம். பெருவெடிப்பைக் கொண்டு கடவுளை ஒழிக்கும் கட்டுரைகளும் வேண்டாம். ராய்சௌத்ரியின் சமன்பாட்டைப் பள்ளி இறுதி மாணவருக்குப் புரியும் தமிழில் விளக்கி எழுதுங்கள். கீரந்தையாரைக் கவிஞராகப் படித்து எழுதுங்கள். இரண்டுக்கும் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.