முதல் குடம் யாருக்கு?



தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சில பிள்ளைகள் சிரிக்கும்போது கை தானாகவே வாயை மூடப் போகும். முன்பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடுகள், மஞ்சள் திட்டுகள், சிலருக்கு அழுத்தமான காவிக் கறை. வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் கேட்கிற வார்த்தை ஒன்றுதான். “ஒழுங்கா பல்லு வெளக்குனா இப்படி ஆகுமா?”

ஆகும். இரண்டு வேளை விளக்கினாலும் ஆகும். பிள்ளையிடம் குற்றமே இல்லை.

பல்லின் மேல்பூச்சான எனாமல், பல் வெளியே வருவதற்கு வெகுமுன்பே தாடைக்குள் உருவாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை நடக்கிற வேலை அது. அந்தக் காலத்தில் உடம்புக்குள் ஃப்ளோரைடு அதிகமாகப் போனால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. ஏழு வயதுப் பிள்ளையின் முன்பல்லில் நாம் இன்று பார்க்கும் கறை, அது இரண்டு மூன்று வயதில் குடித்த தண்ணீரின் கறை.

தர்மபுரி மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணறு (போர்) ஆழமாகப் போகப் போக அளவும் கூடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். “நானும் இந்த ஊர்த் தண்ணியத்தானே குடிச்சு வளர்ந்தேன்” என்று தாத்தா சொல்வது உண்மைதான். ஆனால் அவர் குடித்தது மேல்மட்டக் கிணற்றுத் தண்ணீராக இருந்திருக்கலாம்.

இந்த ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013 மே 29 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி குழாயில் வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைத்தல்’, அதாவது ஃப்ளோரைடால் வரும் இந்தப் பாதிப்பைக் குறைத்தல், என்பதும் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை முடிந்ததா? அடுப்படியைப் பார்த்தால் தெரியும்.

ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராத ஊர்களில், பிடித்து வைத்ததைக் குடிக்க மட்டும் எடுத்துவைக்கிறோம். சோற்றுக்கும் குழம்புக்கும் டீக்கும் போர் தண்ணீர். சில வீடுகளில் பெரியவர்களுக்கு ஆற்றுத் தண்ணீரின் ருசியே பிடிப்பதில்லை. சப்பென்று இருக்கிறது, மருந்து வாடை அடிக்கிறது என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். எனாமல் வளர்ந்து முடிந்தவர்களின் பல்லில் புதிதாகக் கறை ஏறாது என்பதால், எந்தத் தண்ணீர் எதற்கு என்று முடிவெடுப்பவர்களுக்குப் போர் தண்ணீரின் கெடுதல் கண்ணில் படுவதில்லை. அது விழுவது தவழ்கிற பிள்ளையின் மேல்.

கொதிக்கவைத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறோம். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சமிருப்பதில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாகும். கேழ்வரகுக் களிக்கு ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் களியோடு வயிற்றுக்குத்தான் போகிறது. துணியில் வடிகட்டுவதும் பயன் தராது. ஆர்.ஓ. கருவி குறைக்கும், ஆனால் எத்தனை வீட்டில் அது இருக்கிறது?

தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிக மிகக் குறைவு. போர் தண்ணீரில் பால் பவுடர் கலக்கும் வீட்டில் கதை வேறு. பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருகிறாள் என்றால், பத்தியச் சாப்பாட்டைப் போலவே அந்த வீட்டுத் தண்ணீரையும் யோசிக்க வேண்டாமா? அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை ஊரில் பாட்டியிடம் என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இந்த விவரத்தை முதலில் பாட்டிக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஓர் ஊரின் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்றொரு சிற்றூர். வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் காவி ஏறுகிறது என்று பெற்றோர்களே கவனித்தார்கள். 1923-ல் அங்கு போன பல் மருத்துவர் ஃப்ரெடரிக் மெக்கே தண்ணீரைச் சோதித்தார், எதுவும் பிடிபடவில்லை. ஃப்ளோரைடுதான் காரணம் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1931-ல். ஆனாலும் பெற்றோர் சொன்னதை நம்பி, வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊர் மாறியது. சில வருடங்களில் அடுத்த செட் பிள்ளைகளுக்குச் சுத்தமான பற்கள் முளைத்தன.

நம் வீட்டிலும் அதுதான் வழி. ஒகேனக்கல் தண்ணீர் ஒரே ஒரு குடம்தான் மிஞ்சுகிறது என்றால், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் டம்ளருக்கும் அதற்குச் சமைக்கும் சட்டிக்கும் முதலில் ஒதுக்குங்கள். விருந்தாளிக்கு அதன் பிறகு. துணி துவைக்க, மாடு கழுவப் போர் தண்ணீர் போதும்.

இன்னொன்று, மனம் கேட்காமல் சொல்கிறேன். கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய், வீட்டுப் பிள்ளைக்குக் கடுங்காப்பியும் கட்டன் டீயும் மிஞ்சுவது உண்டு. பாலின் கால்சியம் ஃப்ளோரைடு உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். டீத்தூளிலோ ஃப்ளோரைடு இயல்பாகவே இருக்கிறது. ஒரு டம்ளர் பாலைப் பிள்ளைக்கு எடுத்துவைப்பது குடும்பக் கணக்கில் சின்ன விஷயமில்லை, தெரியும். இருந்தாலும் எடுத்துவையுங்கள்.

பேஸ்ட்டை விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். செங்கல் பொடி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். கறை பூச்சுக்குள்ளேயே இருப்பதால் போகாது, பல்தான் தேயும். ஏற்கெனவே கறை படிந்த பிள்ளைக்குப் பல் மருத்துவரிடம் சிகிச்சை உண்டு. பெண் பார்க்க வரும் நாள்வரை தள்ளிப்போடாதீர்கள், பல்லைச் சொல்லி ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கவும் செய்யாதீர்கள்.

உங்கள் தெரு போரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று தெரியுமா? குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துத் தருவார்கள். அடுத்த கிராமசபையில் அந்த அளவை எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கன்வாடியிலும் சத்துணவுக்கூடத்திலும் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்